தேய்ந்துபோன பழைய குரோனோகிராஃப் வாட்சின் மதிப்பை ஏலத்தில் போன விலையை வைத்துக் கணிக்கலாமா?

கேட்டிருப்பது இதுதான்: சித்தப்பா கப்பலில் வேலை பார்த்தபோது 1970களில் வாங்கிய மஞ்சள் டயல் சீக்கோ 6139 (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள குரோனோகிராஃப் மாடல்) வீட்டில் இருக்கிறது. கேஸ் (வாட்சின் உலோகக் கூடு) முழுக்கக் கீறல், டயலில் புள்ளிகள். இதே போலத் தேய்ந்த ஒன்று வெளிநாட்டு ஏலத்தில் நல்ல விலைக்குப் போயிருக்கிறது. அந்த விலை இதற்கும் கிடைக்குமா, பாலிஷ் போட்டு விற்கலாமா?

பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் மண்ணடியில் வாட்ச் மெக்கானிக். ராயபுரம், காசிமேடு, வண்ணாரப்பேட்டை வீடுகளின் பீரோவிலிருந்து வருகிற கப்பல்காரர் வாட்சுகள்தான் என் மேஜைக்கு அதிகம் வரும். விற்பதற்கு முன்னால் பளபளப்பாக்கிக் கொண்டுவந்தவற்றைப் பார்த்தால் வயிறு எரியும். 6139-இன் கேஸ் மேல்பக்கம் மெல்லிய கோடுகளோடு வந்தது, விளிம்புகள் கூர்மையானவை. பஃபிங் வீலில் ஒரு தடவை பிடித்தால் அந்த விளிம்பு உருண்டுவிடும், பின்மூடி எழுத்து மங்கிவிடும். போன உலோகத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. கீறல் இருக்கும் கேஸில் உலோகமாவது மிச்சம் இருக்கிறது, அதனால்தான் சேகரிப்பவர்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

ஏல விலைக்கு வருவோம். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா 1,77,52,500 டாலருக்குப் போனது. ஏலத்தை முடித்துச் சுத்தியல் தட்டிய விலை 1 கோடியே 55 லட்சம்தான். மீதி, வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்டும் கட்டணம். செய்தியில் வருவது கட்டணம் சேர்த்த விலை. விற்றவர் கைக்குப் போவது சுத்தியல் விலை, அதிலும் பெரும்பாலும் கமிஷன் கழியும். நீங்கள் பார்த்த ஏல விலையிலும் இது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இன்னொன்று, அந்த டேடோனாவின் பின்மூடியில் மனைவி ஜோன் வுட்வர்ட் பொறித்துக் கொடுத்த வரி இருந்தது. விலை போனது அந்த வாழ்க்கைக்கு. அதே மாடலை வைத்திருக்கும் மற்றவருக்கு அந்த விலை செல்லாது.

சீக்கோவிலும் அப்படித்தான். 1973இல் ஸ்கைலாப் 4 பயணத்தில் வில்லியம் போக் என்ற விண்வெளி வீரர் தன் சொந்த 6139-ஐக் கட்டிக்கொண்டு போனார். மஞ்சள் டயலுக்கு இன்றைக்கு இருக்கும் மவுசு அவரால் வந்தது. உங்கள் வாட்சுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. சித்தப்பாவின் சி.டி.சி. (கப்பல் பணியாளருக்குக் கொடுக்கும் பணிப் பதிவுப் புத்தகம்), எந்தத் துறைமுகத்தில் வாங்கினார் என்ற ரசீது, அதைக் கட்டிக்கொண்டு டெக்கில் நிற்கும் ஒரு போட்டோ, எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள். வாயால் சொல்லும் கதைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள், காகிதத்துக்குத் தருவார்கள்.

நான் ஒரு வாட்சைக் கையில் எடுத்தால் தேடுவது ஒன்றைத்தான்: எல்லாப் பாகமும் ஒரே வயதைச் சொல்கிறதா? கேஸ் நாற்பது வருஷம் உழைத்த மாதிரி இருந்து, டயல் மட்டும் நேற்று அச்சடித்த மாதிரி இருந்தால் சந்தேகம் வர வேண்டும். நம் நாட்டில் டயலுக்கு மறுபெயிண்ட் அடித்து, கிடைத்த முள்ளைப் போட்டு விற்பது பெரிய தொழில். வெளிநாட்டவர் அதற்கு 'பாம்பே ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 6139-க்குப் புதிதாகச் செய்த டயல்களும் நிறையக் கிடைக்கின்றன. கண்ணாடி வழியாக லென்ஸ் வைத்துப் பாருங்கள்: டயலின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும், அது 6139 என்று தொடங்கும். எழுத்து கலங்கியிருந்தாலோ எண்ணே இல்லாவிட்டாலோ டயல் மாற்றியது. முள்ளில் இருக்கும் ஒளிரும் பூச்சும் டயலில் இருப்பதும் ஒரே நிறமாக மங்கியிருக்க வேண்டும். பின்மூடியில் ஆறிலக்க எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அந்த வருஷத்துக்கும் டயலில் உள்ள எழுத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும்.

இந்தப் பொருத்தம் பார்ப்பது எளிதல்ல, பெரிய இடங்களே ஏமாந்திருக்கின்றன. 2021 நவம்பரில் ஜெனீவாவில் பழுப்பேறிய டயலோடு ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஏலத்துக்கு வந்தது. மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 சுவிஸ் ஃபிராங்க், போனது 31,15,500க்கு. வாங்கியதே ஒமேகா நிறுவனம். வெவ்வேறு வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து உருவாக்கியது அது என்று 2023இல் அந்த நிறுவனமே சொன்னது. ஏலத்தில் கிடைத்த ஒற்றை விலையை யாரும் உரைகல்லாக எடுக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒரே மாடலின் பல விற்பனைகளைப் பாருங்கள், விலை போகாமல் திரும்பியவற்றையும் பாருங்கள்.

நம் கடற்கரை வாட்சுகளுக்கு மட்டும் தனியாக ஒரு சோதனை உண்டு. உப்புக்காற்றும் வியர்வையும் முதலில் தின்பது பின்மூடி ரப்பர் உட்காரும் இடத்தையும் பட்டன்களின் அடியையும். மேலே அழகாக இருக்கும், திறந்தால் குழிகுழியாக அரித்திருக்கும். உள்ளே ஓடும் மிஷினில் துரு ஏறியிருந்தால் டயல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் விலை பாதிக்கும் கீழே போய்விடும். வீட்டில் திறக்க வேண்டாம்; பழைய மெக்கானிக்கிடம் கொடுத்து, எதையும் மாற்றாமல் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேல் பட்டனை அழுத்தினால் பெரிய முள் ஓட வேண்டும், மறுபடி அழுத்தினால் நிற்க வேண்டும், கீழ்ப் பட்டனை அழுத்தினால் நேராக 12க்குத் திரும்ப வேண்டும். இழுத்து இழுத்து வந்தாலோ ஒரு கோடு தள்ளி நின்றாலோ சர்வீஸ் செலவைக் கழித்துத்தான் வாங்குபவர் விலை சொல்வார். எப்போதும் ஓடும் வினாடி முள் தனியாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், 6139-இல் அது கிடையாது.

பர்மா பஜாரிலோ பாரிமுனையிலோ உடனே காசு தருகிறேன் என்பவரிடம் இப்போதைக்குப் போகாதீர்கள். பின்மூடி, டயலின் கீழ் ஓரம், கேஸின் பக்கவாட்டு, இந்த மூன்று போட்டோவையும் பகல் வெளிச்சத்தில் எடுத்துப் போடுங்கள். டயல் அசலா என்பதையாவது பார்த்துச் சொல்கிறேன்.