4–20 மில்லிஆம்ப் வருகிறது, ஹார்ட் ஏன் கிடைப்பதில்லை?

கேள்வி: பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் 4–20 மில்லிஆம்ப் ரீடிங் பிஎல்சியில் (ஆலையை இயக்கும் கண்ட்ரோல் கணினி) சரியாக வருகிறது. ஹார்ட் (HART) கம்யூனிகேட்டரை, அதாவது டிரான்ஸ்மிட்டரோடு டிஜிட்டலாகப் பேசும் கைக்கருவியை, மாட்டினால் மட்டும் டிவைஸே இல்லை என்கிறது. டிரான்ஸ்மிட்டரை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முதலில் லூப் (பவர் சப்ளை, டிரான்ஸ்மிட்டர், பிஎல்சியின் இன்புட் கார்டு சேர்ந்த சுற்று) ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள்.

ஹார்ட் என்பது டிசி கரண்டின் மேல் ஏறி டிஜிட்டல் தகவலைக் கொண்டு வரும் சிறு அலை. 1200 ஹெர்ட்ஸ் என்றால் 1, 2200 என்றால் 0. அலையின் மொத்த வீச்சு சுமார் 1 மில்லிஆம்ப். சராசரி பூஜ்யம் என்பதால் ரீடிங் அசையாது. அந்த அலை 250 ஓம் வழியே போனால் 250 மில்லிவோல்ட் கிடைக்கும், 50 ஓமில் 50 தான். 80-க்குக் கீழே இருப்பதை இரைச்சல் என்று ரிசீவர் ஒதுக்கிவிடும். லூப்பில் குறைந்தது 230 ஓம் கேட்பது இதனால்தான்.

சோதிக்க லூப்பைக் கழற்ற வேண்டாம். கரண்ட் 12 மில்லிஆம்ப் இருக்கும்போது அனலாக் இன்புட் டெர்மினல்களில் டிசி வோல்ட் பாருங்கள். 3 வோல்ட் வந்தால் 250 ஓம் கார்டு, 0.6 வந்தால் 50 ஓம், கோளாறு அங்கேதான். 250 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரிணைப்பில் சேருங்கள். வயரைக் கழற்றும் கணத்தில் ரீடிங் பூஜ்யத்துக்கு விழும். அதனால் கண்ட்ரோலரை மேனுவலுக்கு மாற்றி, டிரிப் (ஆலையைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு) இருந்தால் அனுமதி பெற்று பைபாஸ் செய்த பிறகே கை வையுங்கள். வெடிக்கும் வாயு உள்ள பகுதியில் சாதாரண ரெசிஸ்டரும் சான்றிதழ் இல்லாத கம்யூனிகேட்டரும் கூடவே கூடாது.

கிளிப்பை ரெசிஸ்டரின் இரு முனையிலோ டிரான்ஸ்மிட்டர் டெர்மினலிலோ மாட்டலாம். பிளஸ், மைனஸ் மாறினாலும் பரவாயில்லை. பவர் சப்ளையின் இரு முனையில் மட்டும் மாட்டாதீர்கள், ஏசி அலைக்கு அது ஷார்ட் போலத்தான்.

வோல்டேஜ் கணக்கையும் போட்டுவிடுங்கள். 22 மில்லிஆம்பில் 250 ஓம் 5.5 வோல்ட்டைத் தின்னும். வெடிக்கும் வாயு உள்ள பகுதிக்குப் போகும் மின்சக்தியைக் கட்டுப்படுத்தும் 300 ஓம் பேரியரும் இருந்தால் இன்னொரு 6.6. 24 வோல்ட்டில் மீதி 11.9 தான், 12 வோல்ட் கேட்கும் டிரான்ஸ்மிட்டர் குறைந்த ரீடிங்கில் நன்றாக ஓடி, மேலே போனதும் தடுமாறும்.

ரெசிஸ்டன்ஸ் சரியாக இருந்தும் பேசவில்லையா? நடுவில் உள்ள ஐசொலேட்டர் (இரு பக்கச் சுற்றையும் மின்சார ரீதியாகப் பிரிக்கும் கருவி) ஹார்ட்டைக் கடத்தும் வகைதானா என்று பாருங்கள். முன்பு மல்டிடிராப்பில் (ஒரே ஜோடி வயரில் பல டிரான்ஸ்மிட்டர்கள்) இருந்த டிரான்ஸ்மிட்டர் என்றால் முகவரி 0 ஆக இருக்காது, ஆனால் அப்போது கரண்ட் பெரும்பாலும் 4 மில்லிஆம்பிலேயே நிற்கும். உங்களுக்கு ரீடிங் மாறுகிறது என்பதால் இது கடைசிச் சந்தேகம்தான். கம்யூனிகேட்டரில் முகவரித் தேடலை ஹார்ட் 5-ஆம் பதிப்புக்கு 15 வரையும், 6-க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும் 63 வரையும் விரித்துப் பார்க்கலாம். விட்டு விட்டுப் பேசினால் ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த் ஆகியிருக்கிறதா, விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) கேபிள் ஒட்டி ஓடுகிறதா என்று பாருங்கள்.