பல்லுக்குக் கிளிப் போடும் காசு: நகையா, குழுக் கடனா, அறுவடையா?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்கள் மல்லாவிப் பக்கம். கணவர் வவுனிக்குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார். எனக்குத் தையல், இரண்டு பசு. மகளுக்கு 13 வயது. முன்பல் நன்றாக வெளியே நிற்கிறது. பள்ளியில் கேலி, வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் கிளிப் (பல்லை நேராக்கும் கம்பி) போட 2 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா சொன்னார்கள்: முதலில் 60,000, பிறகு மாதம் 9,000 படி 20 மாதம். நானும் மகளும் ஒருமுறை போய்வர 2,000 ரூபா முடிகிறது. வீட்டுச் செலவு போகத் தையலிலும் பாலிலும் மாதம் 6,000 மிஞ்சும். காலபோகம் வெட்டினால், அடுத்த விதைப்புக்கு எடுத்து வைத்தது போக 1 இலட்சத்து 80 ஆயிரம் நிற்கும். சிறுபோகம் குளத்தைப் பொறுத்தது. மகளின் சாமத்திய வீட்டுக்கென்று வங்கியில் 1 இலட்சத்து 50 ஆயிரம் நிலையான வைப்பில் இருக்கிறது. இப்போது ஊருக்கு வரும் கம்பனிக்காரர், குழுக் கடனாக 1 இலட்சத்து 50 ஆயிரம் தருகிறோம், கிழமைக்கு 3,600 படி 50 கிழமை கட்டுங்கள் என்கிறார்கள். அதை எடுக்கவா, சங்கிலியை அடகு வைக்கவா, வைப்பை உடைக்கவா? கனடாவில் இருக்கும் அண்ணா “பார்ப்பம்” என்கிறார். மகள் வலைப்பந்து விளையாடுகிறாள், அதை விட வேண்டி வருமா?

பதில்: தங்கச்சி, குழுக் கடனை முதலில் தள்ளி வைப்போம். 1 இலட்சத்து 50 ஆயிரம் வாங்கி 1 இலட்சத்து 80 ஆயிரம் கட்டுகிறீர்கள், வட்டி 30,000, அதாவது 20 வீதம் என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் முதல் கிழமையே முதலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். வருடம் முழுக்கச் சராசரியாக உங்கள் கையில் இருக்கும் கடன் 76,000 அளவுதான். அந்த 76,000க்கு 30,000 வட்டி என்றால் உண்மையில் 40 வீதத்துக்குக் கிட்ட. வட்டியை விடுங்கள், கிழமைக்கு 3,600 என்பது மாதத்துக்கு 15,000க்கு மேல். உங்களுக்கு மிஞ்சுவது 6,000. இரண்டாம் மாதமே இன்னொரு கம்பனியிடம் எடுத்து இதைக் கட்டுவீர்கள். அது எங்கே போய் முடியும் என்று வன்னியில் இருக்கும் ஒருவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சரி, கிளிப்புக்கு வருவோம். கிளினிக்கில் சொன்ன 2 இலட்சத்து 40 ஆயிரம் கம்பியின் விலை. அந்தக் கம்பியோடு இரண்டு வருடம் வாழ்வதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை யாரும் எழுதித் தருவதில்லை. கம்பியை நான்கு முதல் எட்டுக் கிழமைக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். 20 தடவை போனால் உங்கள் கணக்கின்படியே 40,000. ஒரு பிராக்கெட், அதாவது பல்லில் ஒட்டிக் கம்பியைப் பிடிக்கும் சின்னத் துண்டு, கழன்றால் இடையில் இன்னொரு பயணம். அன்றைக்குத் தையல் இல்லை, மகளுக்குப் பள்ளியும் இல்லை. கம்பி கழற்றிய பிறகு பல் பழைய இடத்துக்குத் திரும்பாமலிருக்க ரிட்டெய்னர் போட வேண்டும், அதுவும் காசு. எல்லாம் சேர்த்து 3 இலட்சம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள்.

இதில் ஒரு பாதிதான் உங்கள் கையில். மறுபாதி மகளின் கையில், சரியாகச் சொன்னால் வாயில் இருக்கிறது. என் மகனுக்குக் கிளிப் போட்டபோது முதல் மூன்று மாதத்தில் இரண்டு பிராக்கெட் போயிற்று. ஒன்று புழுக்கொடியலில், மற்றது கச்சானில். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்ற நான் ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுக் கொடுத்தேன், வீட்டில் ஒடியல் பையை ஒளிக்கத் தெரியவில்லை! கழன்ற பிராக்கெட் திரும்ப ஒட்டுப்படும் வரை அந்தப் பல் சரியாக நகராது. சிகிச்சை நீளும், கட்டுக்காசும் நீளக்கூடும். ஆகவே புழுக்கொடியல், கச்சான், வறுத்த சோளம், எள்ளுருண்டை, ரொபி எல்லாவற்றையும் இரண்டு வருடத்துக்கு ஒதுக்கி வையுங்கள். மாங்காய், கொய்யாவைக் கடிக்க விடாதீர்கள், சின்னதாக வெட்டிக் கொடுங்கள். பாலைப்பழக் காலத்தில் கஷ்டம்தான். அந்தப் பால் கம்பியில் ஒட்டினால் பிரஷ் போட்டும் இலேசில் போகாது.

கம்பி இறுக்கிய முதல் இரண்டு மூன்று நாள் கடிக்க நோகும். புட்டும் சொதியும், இடியப்பம், கஞ்சி என்று ஓட்டிவிடலாம். கன்னத்தில் உரசிப் புண் வந்தால் கிளினிக்கில் தரும் மெழுகைக் கம்பியில் ஒட்டி, உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கட்டும். கம்பி நுனி குத்துகிறதென்று தகப்பன் சைக்கிள் பெட்டியிலிருந்து குறட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் தடுத்துவிட்டுக் கிளினிக்குக்கு ஒரு கோல் எடுங்கள்.

சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் பல் துலக்க வேண்டும், பள்ளியிலும். புளோரைட் உள்ள பற்பசை, கம்பிக்கு அடியில் நுழையும் சின்ன இடைப்பல் பிரஷ், இரண்டும் பள்ளிப் பையில் இருக்கட்டும். இது பெரிய செலவில்லை. ஆனால் செய்யாவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி அழுக்குத் தேங்கிப் பல்லில் வெள்ளைத் திட்டு விழும், சூத்தை வரும். 3 இலட்சம் செலவழித்து நேராக்கிய பல்லில் கறையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும்.

இனிக் காசு. இப்போது உங்கள் காசு வயலுக்குள் கிடக்கிறது, வெட்டு மாசி பங்குனியில்தான். அதுவரை பொறுக்கலாம் என்பது என் கருத்து. 13 வயதில் இரண்டு மூன்று மாதத்தில் வண்டி போய்விடாது. பெரியவர்களே கிளிப் போடுகிறார்கள். ஆனாலும் டொக்டரிடம் நேராகக் கேளுங்கள்: “அறுவடை வரை பொறுத்தால் பல்லுக்கு ஏதும் கெடுதலா?” முன்பல் வெளியே நிற்கும் பிள்ளைகளுக்கு விழுந்தால் பல் உடையும் ஆபத்துக் கூட என்பதால் வருடக்கணக்காகத் தள்ள வேண்டாம்.

அந்த இடைவெளியை வீணாக்காதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்கு மகளைக் கூட்டிப் போங்கள். சூத்தை இருந்தால் அடைத்து, முரசைச் சுத்தம் செய்து முடித்த பிறகுதான் கிளிப் போட வேண்டும், அங்கே அது இலவசம். அப்படியே அரசாங்கப் பல் சீரமைப்பு நிபுணரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். வரிசை நீளமாக இருக்கும், இருந்தாலும் பெயரைப் போட்டு வையுங்கள். முறை வந்துவிட்டால் 2 இலட்சத்து 40 ஆயிரத்தில் பெரும்பகுதி உங்களுக்கு மிச்சம்.

வராவிட்டால் தனியார்தான். அப்போது கணக்கு இப்படி. காலபோகக் காசு 1 இலட்சத்து 80 ஆயிரத்தில் 60,000 முற்பணம். இன்னும் 60,000ஐத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், அதற்குப் பல் கணக்கு என்றே பெயர் வையுங்கள். வங்கிக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். மாதக் கட்டுக்காசு 9,000, பயணம் 2,000, ஆக 11,000. அதில் 6,000 தையலும் பாலும், 5,000 பல் கணக்கு. 12 மாதத்தில் அந்த 60,000 தீரும்போது அடுத்த காலபோக வெட்டு வந்துவிடும். அதில் 40,000 போட்டால் மிச்சம் எட்டு மாதமும் ஓடிவிடும். கட்டுக்காசுக்காக வைப்பில் கை வைக்கத் தேவையில்லை, சங்கிலி கழுத்திலேயே இருக்கும்.

ஒரு பலவீனம் இருக்கிறது. தையலிலும் பாலிலும் மிஞ்சும் 6,000 முழுக்க இதற்கே போகிறது, வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் இடிக்கும். முதல் அறுவடையில் மிஞ்சும் 60,000ஐத் தொடாமல் வைத்திருந்தால் சமாளிக்கலாம். புது உடுப்பு, போன் என்று அது கரைந்துவிட்டால் நான் பொறுப்பில்லை. கிளினிக்கிடமும் கேட்டுப் பாருங்கள்: கார்த்திகை, மார்கழி, தையில் குறைவாகவும் பங்குனியில் கூடுதலாகவும் கட்டலாமா என்று. விவசாயக் குடும்பம் என்றால் சிலர் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள்.

அதே கடதாசியில் இவையும் இருக்கட்டும்: எக்ஸ்ரே, இடம் எடுக்கப் பல் பிடுங்குவது, கழன்ற பிராக்கெட் ஒட்டுவது, ரிட்டெய்னர், இவற்றில் எது 2 இலட்சத்து 40 ஆயிரத்துக்குள், எது வெளியே? 20 மாதத்தில் முடியாவிட்டால் பிறகும் மாதம் 9,000 கட்ட வேண்டுமா? சிகிச்சை செய்பவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிந்த பல் வைத்தியரா என்றும் பாருங்கள். பாதியில் காசு முட்டி நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் நட்டம். நகர்ந்த பல் அப்படியே நிற்காது, வாயில் கம்பி மட்டும் மிஞ்சும்.

வைப்பைப் பற்றி. சாமத்திய வீட்டுக்காசு என்று எழுதியிருக்கிறீர்கள். ஊர் என்ன சொல்லும் என்ற பயம் எனக்கும் தெரியும், நானும் பெண் பிள்ளை பெற்றவள்தான். ஆனால் மண்டபம், வீடியோ, இருநூறு பேர் சாப்பாடு இல்லாமல் தண்ணீர் வார்த்து நெருங்கிய சொந்தத்துக்குச் சோறு போட்டாலும் சாமத்திய வீடுதான். வைப்புப் புதுப்பிக்கும் நாளில் அதை ஒரு இலட்சம், ஐம்பதாயிரம் என்று இரண்டு சான்றிதழாகப் பிரியுங்கள். அந்த ஐம்பதாயிரம் ரிட்டெய்னருக்கும் மழை பொய்த்த போகத்துக்கும். முழுவதையும் இடையில் உடைத்தால் வட்டி குறைத்துத்தான் தருவார்கள். இன்னொன்று, 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்பதால் வங்கியில் படிவம் நிரப்பிக் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பலர் கொடுப்பதில்லை.

சங்கிலி கடைசிக் கதவு. வெட்டுப் பிந்தி ஒரு மாதக் கட்டுக்காசு முட்டினால் வங்கியில் சிறு தொகைக்கு வைத்து, நெல் விற்றதும் மீட்டுவிடுங்கள். தவணைத் தேதியைக் கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

அண்ணாவின் “பார்ப்பம்” கணக்கில் சேராது. அவரிடம் மொத்தமாகக் கேட்காதீர்கள். “ரிட்டெய்னர் மாமாவின் பொறுப்பு” என்று மகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட பொருளென்றால் வெளிநாட்டுச் சொந்தம் பெரும்பாலும் தட்டாது. வந்த ரிட்டெய்னரை லஞ்ச் சீற்றில் சுற்றி வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். என் மகன் ஒரு கலியாண வீட்டில் அப்படிச் சுற்றி வைத்து, எச்சிலைகளோடு அதுவும் கிடங்குக்குப் போனது. புதிது செய்யும் வரை இரவு இரவாக அவன் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி தருவார்கள், அதற்குள்தான் வைக்க வேண்டும். சுடுதண்ணீரில் கழுவினால் பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

வலைப்பந்தை விட வேண்டாம். பந்து வாயில் பட்டால் கம்பி உதட்டைக் கிழிக்கும் என்பதால் கிளிப்போடு போடக்கூடிய பற்காப்பு உறை வேண்டும். கடையில் கண்டதை வாங்காமல் கிளினிக்கில் கேட்டு எடுங்கள், அதன் விலையையும் அந்தக் கடதாசியில் எழுதச் சொல்லுங்கள்.