வாசகர் கேள்வி – பதில்: கொழுக்கட்டைக்குள் ஒளிந்த நிறம்

கேள்வி: எனது தங்கைக்கு இது தலைப்பிள்ளை, ஐந்தாம் மாதம் நடக்கிறது. கனடாவிலுள்ள எங்கள் மூத்த அக்கா, அங்கே எல்லோரும் செய்வதைப் போல நாங்களும் பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று உறவினரைக் கூட்டி அறிவிக்கும் ஒரு ‘ஜென்டர் ரிவீல்’ பார்ட்டி வைத்தே ஆகவேண்டும் என்று நிற்கிறார். தங்கைக்கும் அவருடைய கணவருக்கும் விருப்பந்தான். மண்டபம் எடுக்கும் வசதி எங்களுக்கு இல்லை. வீட்டு விறாந்தையிலும் முற்றத்திலுமாக இருபது பேருக்குள் முடிக்க எண்ணியுள்ளோம். இணையத்தில் பார்த்தால் வண்ணப்புகை, வண்ணப்பொடி, வாயு பலூன் என்றெல்லாம் காட்டுகிறார்கள். தங்கையின் மாமியாரோ, பிள்ளை பிறக்கமுன் கொண்டாடுவது கூடாது என்கிறார். ஆபத்தும் பெருஞ்செலவும் இல்லாமல், ஒருவருடைய மனமும் நோகாமல் இதை எப்படிச் செய்யலாம்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: மாமியாரின் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதைத் தீர்க்காமல் பலூன் கட்டிப் பயனில்லை. பிள்ளை பிறக்கமுன் உடுப்பு வாங்காத, தொட்டில் கட்டாத வழக்கம் நமது வீடுகளில் இன்றும் இருக்கிறது. பிரசவத்தில் தாயையும் பிள்ளையையும் இழந்த வீடுகள் ஊருக்கு ஊர் இருந்த காலத்தைக் கண்டவர்களுடைய பயம் அது. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு அவர் முன்னாலேயே கேக் வெட்டுவது நாகரிகமாகாது. எனவே பரிசுப் பொருள், பிள்ளை உடுப்பு, பெயர் அறிவிப்பு எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேநீரோடு ஒரு செய்தி சொல்லப்படும், அவ்வளவுதான் என்று அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அத்துடன், ஸ்கானில் தெரிந்ததை எழுதி ஒட்டிய உறையை அவருடைய கையிலேயே கொடுத்துவிடுங்கள். எல்லோருக்கும் முன்னதாகத் தனக்கே தெரியும் என்றிருக்கும் ஒருவர் அந்த நிகழ்வுக்குக் குறுக்கே நிற்பது அரிது.

அந்த உறைக்குள் என்ன எழுத வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் ஆங்கில ‘பி’ எழுத்தை மட்டும் எழுதிக் கேக் செய்பவரிடம் அனுப்பியிருந்தார்கள். அவர்கள் நினைத்தது ‘பாய்’. கேக் செய்தவர் விளங்கிக்கொண்டது ‘பெண்’. ரோஸ் நிறக் கேக்கை வெட்டி, படம் எடுத்து, வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்பி முடித்த பிறகே குட்டு வெளிப்பட்டது. ‘ஆண் பிள்ளை’ அல்லது ‘பெண் பிள்ளை’ என்று முழுச் சொல்லாக, தமிழிலேயே எழுதுங்கள்.

இனி ஆபத்து. இந்த வழக்கம் 2008 ஆம் ஆண்டு அமெரிக்காவில், வலைப்பதிவு எழுதும் ஒரு பெண் வெட்டிய கேக்கிலிருந்து பரவியதாகச் சொல்லப்படுகிறது. கேக்கோடு நின்றிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமிருந்திராது. புகையும் வெடியும் அதற்குள் நுழைந்தன. 2020 செப்டெம்பரில் கலிபோர்னியாவின் யுகைப்பா நகரத்துப் பூங்காவொன்றில் இப்படியொரு அறிவிப்புக்காகக் கொளுத்திய புகைக்கருவி காய்ந்த புல்லைப் பற்றி, 22,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதற்கு முந்திய ஆண்டு அயோவா மாநிலத்தில், வீட்டிலே செய்த வண்ணப்பொடிக் குழாய் குண்டாக வெடித்து, நிகழ்வுக்கு வந்திருந்த குடும்பத்துப் பெண் ஒருவரைக் கொன்றது. நமது யாழ் குடாநாட்டில் கலிபோர்னியாவைப் போன்ற மலைச்சாரல் இல்லை என்று ஆறுதலடைய வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் வெயிலில் முறுகிக் கிடக்கும் கிடுகு வேலிக்கும், கோடிப்புறத்தில் அடுக்கி வைத்திருக்கும் பனையோலைக்கும் ஒரு பொறி போதும். ஆகவே வண்ணப்புகை, வாணம், வெடி ஆகியவற்றை முற்றாக விலக்குங்கள். இதில் ‘சின்னதாக ஒன்று’ என்ற பேச்சே வேண்டாம்.

வண்ணப்பொடியைப் பலர் தீங்கற்றதென்று நினைக்கிறார்கள், ‘சோளமாதானே’ என்பார்கள். தட்டில் கிடக்கும் மாவுக்கும் காற்றில் பறக்கும் மாவுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. நுண்ணிய மாத்துகள் காற்றில் கலந்து நிற்கும்போது ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒட்சிசன் இருப்பதால், தீ ஒரு துகளிலிருந்து அடுத்ததற்கு நொடிக்குள் தாவிவிடும். 2015 ஜூனில் தாய்வானில் ஒரு நீர்ப்பூங்கா நிகழ்ச்சியில் மேடையிலிருந்து விசிறிய வண்ணச் சோளமா தீப்பற்றியதில் 15 பேர் இறந்தார்கள். காயமடைந்தவர்கள் பல நூற்றுவர். சுவாமி அறையில் விளக்கும் குசினியில் காஸ் அடுப்பும் எரியும் வீட்டிலே பொடி விசிற வேண்டாம். வந்தவர்களில் ஒருவருக்காவது தொய்வு இருக்கும் என்பதும் பொடியை விலக்கப் போதிய காரணமே.

வாயு பலூனைப் பொறுத்தவரை, அதற்குள் இருப்பது ஹீலியமா ஐதரசனா என்பது கேள்வி. ஹீலியம் எரியாது, ஆனால் விலை கூடியது. ஐதரசன் மலிவானது, விளக்குச் சுடர் பட்டால் குபீரெனப் பற்றும். நிரப்பித் தருபவர் திட்டமாகச் சொல்லாவிட்டால் அந்தப் பலூனை வாங்காதீர்கள். வாயால் ஊதிய பத்துப் பலூன்கள் ஒரு விறாந்தைக்குத் தாராளம். சென்ற ஆண்டு நான் போயிருந்த ஒரு வீட்டில், வாயு பலூன் கொத்துகளின் நூல் சுற்றிவிடும் என்று கூரை விசிறியை நிறுத்தியிருந்தார்கள். பலூன்கள் அசையாமல் அழகாக நின்றன. அவற்றின் கீழே கனத்த சேலையும் மாலையுமாக அமர்த்தப்பட்டிருந்த பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணின் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாகக் கோத்திருந்தது. பின்னால் நின்ற அவருடைய தாயார் பழைய கலண்டர் மட்டையால் விசிறிக்கொண்டே இருந்தார். படம் எடுப்பவர் ஒவ்வொரு முறையும் அந்த மட்டையை மறைக்கச் சொன்னார். உங்கள் வீட்டில் எதை நிறுத்தினாலும் விசிறியை நிறுத்தாதீர்கள். தங்கைக்கு முதுகு சாய்க்கக்கூடிய கதிரை, பருத்திச் சேலை, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இவை மூன்றும் அலங்காரத்துக்கு முன் வரவேண்டியவை. வெடித்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள். தவழும் பிள்ளைகள் அவற்றை வாயில் வைத்தால் மூச்சடைக்கும்.

அப்படியானால் செய்தியை எப்படிச் சொல்வது? எனது தெரிவு கொழுக்கட்டை. பல் முளைத்த பிள்ளைக்குக் கொழுக்கட்டை கொட்டும் ஊரில், பிறக்கப்போகும் பிள்ளையின் செய்தியையும் அதற்குள்ளேயே வைப்பது பொருத்தம் என்றுதான் எனக்குப் படுகிறது. பெண் என்றால் பீட்ரூட் சிவப்பு, ஆண் என்றால் ரம்பைப் பச்சை என்று வந்தவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். ரோஸும் நீலமும் வேதவாக்கல்ல. 1918 இல் அமெரிக்கத் துணி வணிக இதழொன்று ஆண் பிள்ளைக்கே ரோஸ் நிறம் ஏற்றதென்று எழுதியிருந்தது. உள்ளீட்டுக்குச் சர்க்கரையும் பயறும் வேண்டாம், அவற்றின் கபில நிறம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தேங்காய்ப்பூவும் சீனியும் ஏலக்காயும் போதும். பீட்ரூட்டை நெடுநேரம் சூடாக்கினால் நிறம் மங்கிப் பழுப்பேறும் என்பதால், தேங்காய்ப்பூவையும் சீனியையும் கிளறி இறக்கிய பின்னரே, துருவிப் பிழிந்த சாற்றைக் கலக்க வேண்டும். ரம்பை இலையைச் சிறிது தண்ணீர் விட்டு அரைத்து வடித்தால் இளம்பச்சை கிடைக்கும். தோலுக்கு வெள்ளைப் பச்சையரிசி மா எடுத்து, வழமையைவிடச் சற்றுத் தடிப்பாகத் தட்டுங்கள். மெல்லியதாகத் தட்டினால் நீத்துப்பெட்டியிலிருந்து எடுக்கும்போதே குட்டு உடைந்துவிடும். முதல் நாள் இரண்டு நிறத்திலும் ஒவ்வொன்று அவித்துப் பார்த்துக்கொள்ளட்டும். இந்த வேலை முழுவதும் உறையை வைத்திருக்கும் மாமியாருடையது. அன்று காலை குசினிக்குள் வேறு ஒருவரும் போகக்கூடாது.

தங்கை ஒரு கொழுக்கட்டையை இரண்டாகப் பிட்டுக் காட்ட, மற்றவர்களும் தத்தம் கையிலுள்ளதைப் பிட்டுப் பார்ப்பார்கள். கிளினிக்கில் சீனி கூட என்று சொல்லியிருந்தால் அவர் பிட்டுக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். வடையும் கடலைச் சுண்டலும் கட்டாயம் இருக்கட்டும். கனடா அக்காவை வட்ஸ்அப்பில் சேர்ப்பதானால், இங்கு மாலை 6.30 மணி ரொறன்ரோவில் கோடையில் காலை 9.00, குளிர்காலத்தில் காலை 8.00 என்பதைக் கணக்கில் எடுங்கள். அவரை முதலே அழைத்துத் தொலைபேசியை ஒரு முக்காலியில் நிறுத்திவிட்டுத்தான் கொழுக்கட்டையைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் பேஸ்புக்கில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்ற மனத்தாங்கல் பத்து வருடத்துக்கு ஓடும்.

மறுநாள் பிளாஸ்டிக் கோப்பைகளையும் தேங்காய்ச் சிரட்டைகளையும் வளவில் விட்டுவிடாதீர்கள். மழைக்காலமாயின் அவற்றில் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் நிலைமை பாரதூரமாகலாம். பலூனையும் மினுங்கல் தாளையும் குப்பையோடு சேர்த்து எரிப்பதும் கூடாது.

கேள்வி: ஸ்கான் செய்யும் வைத்தியர் ஆணா பெண்ணா என்று சொல்ல மறுத்தால் என்ன செய்வது? இந்தியாவில் சொல்வதே குற்றம் என்கிறார்களே? சொன்னாலும் அது பிழையாகிவிட வாய்ப்புண்டா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: இந்தியாவில் குற்றந்தான். பெண் சிசுக்கள் கருவிலேயே அழிக்கப்பட்டதைத் தடுக்க 1994 இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. 2024 இல் தமிழ்நாட்டு யூடியூபர் ஒருவர், டுபாயில் பரிசோதித்து அறிந்ததைத் தமது அலைவரிசையில் அறிவித்ததற்காக அம்மாநிலச் சுகாதாரத்துறையின் நோட்டீசைப் பெற்றார். அந்தச் சட்டம் இங்குள்ள வைத்தியர்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் வேறு சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகும் நம்மவர்கள் அங்கே ஸ்கான் அறையில் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடக்கூடாது.

இங்கு ஒரு வைத்தியர் சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். 18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யும் ஸ்கான், பிள்ளையின் இருதயம், முள்ளந்தண்டு, சிறுநீரகம், நஞ்சுக்கொடியின் இடம் ஆகியவற்றைப் பார்ப்பதற்கானது. பாலினம் அதில் தற்செயலாகத் தெரியும் ஒன்றே. பார்ட்டிக்கென்று தனியாக இன்னொரு ஸ்கானுக்கு அலைவதை நான் ஆதரிக்கவில்லை. 14 வாரத்துக்கு முன் பார்த்துச் சொல்வது பிழையாகக்கூடியது. பிந்திய வாரங்களில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், என்றாலும் பிள்ளை காலை மடித்துக்கொண்டு கிடந்தால் எந்தக் கருவியும் திணறும். அதனால் அறைச்சுவருக்கு நிறம் அடிக்கும் வேலையைப் பிரசவத்துக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனது மகளுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், எட்டு வயதும் ஐந்து வயதும். இப்போது மூன்றாவது. ‘இம்முறையாவது’ என்று சம்பந்தி வீட்டார் வாய்க்கு வாய் சொல்கிறார்கள். பேத்திகள் யூடியூபில் பார்த்துவிட்டு, நமது வீட்டிலும் அந்தப் பார்ட்டி வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: செய்யாதீர்கள். கொழுக்கட்டையைப் பிட்டதும் சிவப்புத் தெரிந்தால், அந்த ஒரு கணத்தில் பெரியவர்களின் முகம் என்ன ஆகும் என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். பக்கத்தில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளை அந்த முகங்களைப் படித்துவிடும். தான் பிறந்த அன்றும் இந்த முகங்கள் இப்படித்தான் இருந்தனவோ என்று எண்ணாமல் இராது. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்திலிருந்து வரும் நிறமூர்த்தமே என்பதைச் சம்பந்தி வீட்டாருக்கு உங்கள் மருமகன்தான் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அது சண்டையாகும். சீதனக் கணக்கை மனதில் வைத்துத்தான் அவர்கள் பேசுகிறார்கள் என்றால், அந்தக் கணக்கைப் பேத்திகளின் காதில் விழாத இடத்தில் பேசச் சொல்லுங்கள்.

பேத்திகள் ஆசைப்படுவது பலூனுக்கும் பலகாரத்துக்குமாகத்தான் இருக்கும். ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருவரையும் பக்கத்தில் இருத்தி, மாவைத் தட்டவும் ஓரத்தை மடிக்கவும் விட்டு, உள்ளே வழக்கமான பயறும் சர்க்கரையும் வைத்து அவித்துக் கொடுங்கள்.