ஆணி அடிக்காத கண்காட்சி

கேள்வி: புகைப்படக் கண்காட்சி பார்க்கப் போன இடத்தில், படங்களைவிட அந்தக் கட்டிடம் உங்களைப் பிடித்து நிறுத்தியதுண்டா?

உண்டு, எங்கள் காரைக்குடியிலேயே. ஊர் 2024ல் மாநகராட்சி ஆனது. அதற்குப் பிறகு, நகரத்தைச் சுற்றி எடுத்த படங்களைச் சில இளைஞர்கள் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் வைத்திருந்தார்கள். அரை மணி நேரம் போதும் என்று போனவன், விளக்கு வைக்கும் நேரத்தில்தான் வெளியே வந்தேன்.

ஒரு படம்கூடச் சுவரில் இல்லை. தேக்குத் தூண்களுக்கு நடுவே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வீட்டுக்கார ஆச்சி போட்ட ஒரே நிபந்தனை, ஆணி அடிக்கக் கூடாது. சுவரைத் தொட்டுப் பாருங்கள், காரணம் புரியும். சுண்ணாம்பைப் பூச்சு மேல் பூச்சாகப் பூசி, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து இழைத்த சுவர். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளங்கைக்கு ஜில்லென்று, வழவழவென்று இருக்கிறது. ஆணி இறங்கினால் பெயர்ந்துவிடும். அதே பதத்தில் திரும்பப் பூச ஆள் கிடைப்பது லேசில்லை.

படங்களில் கோயில் திருவிழா, சந்தை, மழையில் நனைந்த தெரு எல்லாம் இருந்தன. நன்றாகவே எடுத்திருந்தார்கள். என்னை நிறுத்தியது ஒன்றுதான்: முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடை. இடித்த வீடுகளின் கதவுகள் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றிலும் சாக்பீஸில் ஒரு எண். ஒரு கதவின் சங்கிலியில் மட்டும் பூட்டு இன்னும் தொங்குகிறது.

"படம் எங்கயும் ஓடிறாது தம்பி, வீட்டைப் பாருங்க" என்று ஆச்சி உள்ளே கூட்டிப்போனார். முகப்பு, அப்புறம் வளவு என்கிற உள்முற்றம், அதைத் தாண்டி இரண்டாம் கட்டு, அடுப்படி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். காலடியில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தட்டின் மேல் வண்ண சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்வது, சூளையே கிடையாது. ஆள் நடக்க நடக்கத்தான் அதற்கு மெருகு ஏறும். இந்த வீட்டில் முகப்பில் பளபளத்த கல், உள்ளே போகப் போக மங்கிக்கொண்டே வந்தது.

வளவைச் சுற்றிலும் அறைகள், எல்லாம் பூட்டு. எண்ணினேன், பதினொன்று. கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கு, அவருக்கென்று வளவில் ஓர் அறை, சீர் சாமான் வைக்க, விசேஷத்துக்கு வந்தால் தங்க. ஆச்சி தன் பங்கு அறையை மட்டும் திறந்து காட்டினார். "மத்த சாவி மெட்ராஸ்ல ரெண்டு, கோயம்புத்தூர்ல ஒண்ணு, மலேசியாவுல ஒண்ணு. மிச்சம் யார்கிட்ட இருக்குன்னு எனக்கே தெரியாது."

நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவில் வட்டித்தொழில் செய்து, அங்கிருந்தே தேக்கு கொண்டுவந்து கட்டிய வீடுகள் இவை. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்த வருமானம் நின்றது. வீடுகள் சரிவதற்கு அதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள், நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஆச்சி மூலையில் இருந்த ஓர் அறையைக் காட்டினார். கதவுக்கு மேலே சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு ஈரம் இறங்கியிருந்தது. அந்த அறைக்கு மேலே ஓடு உடைந்திருக்கிறது. மாற்ற வேண்டுமானால் பங்காளிகள் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், செலவைப் பங்கிட வேண்டும். மூன்று மழைக்காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

கிளம்பும் முன் அந்தக் கடைப் படத்தின் முன்னால் மறுபடி போய் நின்றேன். ஆச்சியும் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொங்கும் பூட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "சாவிக்காரவுக வரவே இல்ல போல" என்றார்.