கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் விளையாட்டு வீரர்கள் ஏன் அணி முதலாளிகளோடு சண்டை போடுகிறார்கள்?

பெங்களூர் கௌதமபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பீலேவுக்குச் சிலை வைத்த பகுதி எங்களுடையது. தொண்ணூறுகளில் இங்கே உள்ளூர் கால்பந்து லீக்கில் ஆடியிருக்கிறேன்.

வெளியே தெரிவது சம்பளச் சண்டை. அதற்கு அடியில் இருப்பது வேறு: இந்த முதலாளி பிடிக்கவில்லை என்றால் நான் வேறு இடத்துக்குப் போகலாமா, கூடாதா?

1996-ல் நான் சேர்ந்த கிளப்பில் மாதம் 2,500 ரூபாய் என்று பேச்சு. வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை குத்தி அவர்களே வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கவரில் பணம் வந்தது. அப்புறம் நான்கு மாதம் "ஸ்பான்சர் பணம் வரட்டும் தம்பி" என்ற பதில்தான். பூட்ஸின் அடி பிளந்துபோய், தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் இரண்டு முறை நைலான் நூலால் தைத்துக்கொண்டு ஆடினேன். வேறு கிளப் கூப்பிட்டது. அங்கே போக பழைய கிளப்பின் என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்றிதழ், வேண்டும். "பாக்கியைக் கேட்க மாட்டேன்னு எழுதிக் கொடு, கையெழுத்துப் போடறேன்" என்றார் செயலாளர். எழுதிக் கொடுத்தேன். 10,000 ரூபாய் போச்சு.

அதற்குச் சில மாதம் முன்புதான், 1995 டிசம்பரில், பெல்ஜியத்தின் கால்பந்து வீரர் ஜான் மார்க் போஸ்மான் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்திருந்தார். 1990-ல் ஒப்பந்தம் முடிந்ததும் அவருடைய கிளப் சம்பளத்தைக் கால்வாசியாக்கப் பார்த்தது. பிரான்சில் ஒரு கிளப்புக்குப் போகலாம் என்றால் அதற்கு வேண்டிய மாற்றுச் சான்றிதழை அனுப்பாமல் நிறுத்திவிட்டது. ஒப்பந்தம் முடிந்த வீரரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் புதிய கிளப்பிடம் மாற்றுக் கட்டணம் கேட்டு மறிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. எனக்கு நடந்ததும் இதேதான் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அமெரிக்க பேஸ்பாலில் இதற்கும் முந்தைய கதை உண்டு. 1969-ல் கர்ட் ஃப்ளட்டைக் கேட்காமலே வேறு அணிக்கு மாற்றினார்கள். வாங்கி விற்கும் பொருளா நான் என்று வழக்குப் போட்டார். 1972-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் வீரர்களின் யூனியன் விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரரைப் பழைய அணியோடு கட்டி வைத்த விதி 1975-ல் நடுவர் மன்றத் தீர்ப்பு மூலம் அறுந்தது. அதற்குப் பிறகு வந்த பெரிய சண்டைகளில் பல, முதலாளிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்ததால் வந்தவை. 1994 வேலைநிறுத்தம் 232 நாள் நீடித்தது, அந்த வருடம் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. ஐஸ் ஹாக்கியில் முதலாளிகள் கதவடைப்புச் செய்து 2004-05 சீசன் முழுவதும் போனது. முதலாளி ஒரு சீசனைக் கைவிட்டுக் காத்திருக்கலாம். முப்பது வயதுக்காரனின் முழங்கால் காத்திருக்காது.

நம் ஊருக்கு வருவோம். 2025 ஆகஸ்டில், இந்தியாவின் பெரிய கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். நடக்குமா என்றே தெரியாத நிலையில், பெங்களூரு எஃப்.சி. முதல் அணி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் டிசம்பரில் முடிய இருந்தது, அடுத்தது கையெழுத்தாகவில்லை. சண்டை மேலே இரண்டு பேருக்கு நடுவில், உலை கொதிக்காதது வீரர்கள் வீட்டில். கால்பந்தில் வீரர்களுக்குச் சங்கமாவது இருக்கிறது. கிரிக்கெட்டில் 2019-ல் வந்த சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். 2025 ஐ.பி.எல்.லுக்கு வீரர்களைத் தக்கவைக்கவும் ஏலத்தில் எடுக்கவும் ஓர் அணி 120 கோடிதான் செலவழிக்கலாம் என்று முடிவானபோது, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேரம் பேச வீரர்களின் யூனியன் எதுவும் இல்லை.

அப்பா இங்கே பொதுத்துறை ஆலையில் ஃபிட்டர். 1980 டிசம்பர் கடைசியில் தொடங்கி 77 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் அவரும் இருந்தார். அப்போது எனக்கு எட்டு வயது, மளிகைக்கடையில் கடன் சொல்லி அரிசி வாங்கி வந்தவன் நான்தான். என்.ஓ.சி. வாங்கி வந்த அன்று அவரிடம் சொன்னேன். திட்டவில்லை. "டீம்ல வேற யாருக்காவது பாக்கி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எல்லாருக்கும் இருந்தது. "எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டீங்களாப்பா?"

கேட்கவில்லை. அவனவனுக்கு அவனவன் என்.ஓ.சி. கிடைத்தால் போதும் என்றிருந்தோம்.