கேசட் கடைக்காரர் பதில்கள்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காலத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர், பழைய பாட்டு, பழைய படம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஐயா, அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கேசட் கிடைத்தது. அட்டையில் பச்சை மையில் ‘பீட்டில்ஸ் - அபே ரோடு’ என்று எழுதியிருக்கிறது. ஏ பக்கத்தில் கடைசிப் பாட்டு ஒரே இரைச்சலாகப் போய் நடுவிலேயே துண்டாக நின்றுவிடுகிறது. அடுத்த நொடி ‘என் இனிய பொன் நிலாவே’ ஆரம்பிக்கிறது! பதிவு செய்யும்போது கரன்ட் போய்விட்டதா? அப்பா இருந்தால் அவரிடமே கேட்டிருப்பேன்.
*- வாசகி, ஏற்காடு*

பதில்: பச்சை மை என்றால் என் கடையாகவும் இருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பச்சை மைப் பேனா வைத்திருக்காத ரெக்கார்டிங் கடையே சேலத்தில் கிடையாது. அதனால் சொந்தம் கொண்டாட மாட்டேன்.

கரன்ட் போகவில்லை அம்மா. கரன்ட் போய் நின்ற பதிவை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். குரல் கோணிக்கொண்டு போகும், மறுபடி தொடங்கும் இடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம் விழும். உங்கள் கேசட்டில் அதெல்லாம் இருக்காது. பாட்டு சுத்தமாக வெட்டுப்பட்டு நிற்கும். ஏனென்றால் லண்டனில் நிஜமாகவே டேப்பை வெட்டித்தான் அப்படி நிறுத்தினார்கள்.

அந்தப் பாட்டு ‘ஐ வான்ட் யூ’. எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. கடைசி மூன்று நிமிடம் ஒரே கிட்டார் சுற்று திரும்பத் திரும்ப வரும். அதற்கு மேலே ‘மூக்’ என்கிற மின்னணு சிந்தசைசரில் உண்டாக்கிய காற்றுச் சத்தம் ஏறிக்கொண்டே போகும். இது எப்படி முடியப் போகிறது, மெல்ல மெல்லத் தேயுமா, ஒரு பெரிய அடியோடு நிற்குமா என்று காத்திருக்கிறோம். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன் இரண்டும் வேண்டாம் என்று ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமரிக்கிடம் ஓர் இடத்தைக் காட்டி அங்கேயே வெட்டச் சொல்லிவிட்டார். 1969 செப்டம்பரில் வந்த இசைத்தட்டின் முதல் பக்கம் அந்த வெட்டோடு முடிகிறது.

இதைத் தட்டில் கேட்க வேண்டும். வெட்டு விழுந்ததும் வீடே அமைதியாகிவிடும். முள் உள்வட்டத்தில் சரசரவென்று சுற்றும் சத்தம் மட்டும் இருக்கும். நாம் எழுந்து போய், முள்ளைத் தூக்கி, தட்டைத் திருப்பி, துணியால் ஒரு துடை துடைத்து மறுபடி வைத்தால் ஜார்ஜ் ஹாரிசனின் கிட்டார் பளிச்சென்று வரும்: ‘ஹியர் கம்ஸ் தி சன்’. கம்பெனிக் கூட்டத்துக்கு மட்டம் போட்டுவிட்டு, நண்பர் எரிக் கிளாப்டன் வீட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்து ஹாரிசன் எழுதிய பாட்டு அது. இரண்டுக்கும் நடுவில் நாம் எழுந்து நடக்கிற அந்த அரை நிமிடம் இருக்கிறதே, அதையும் சேர்த்துத்தான் அந்த ஆல்பம். இப்போது போனில் கேட்டால் மூச்சு விடுவதற்குள் அடுத்த பாட்டு வந்துவிடுகிறது.

சரி, நடுவில் யேசுதாஸ் எப்படி வந்தார்? அது எங்கள் தொழில் ரகசியம். சி-60 கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ‘அபே ரோடு’ முதல் பக்கம் இருபத்தைந்து நிமிடம்போல வரும். மிச்சம் ஐந்து நிமிடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தால் வாடிக்கையாளர் விட மாட்டார். ‘முழு டேப்புக்கும் காசு வாங்கினீர்களே?’ என்பார். அதனால் ஒவ்வொரு கடையிலும் நிரப்புவதற்கென்று ஒரு நோட்டு இருந்தது. மூணே கால் நிமிடப் பாட்டு, நாலு நிமிடப் பாட்டு, நாலரை நிமிடப் பாட்டு என்று நேரவாரியாக எழுதி வைத்திருப்போம். (இதெல்லாம் சட்டப்படி சரியா என்று இப்போது கேட்காதீர்கள்.) ‘என் இனிய பொன் நிலாவே’ இடம்பெற்ற ‘மூடுபனி’ 1980-இல் வந்த படம், இளையராஜாவுக்கு நூறாவது படம். ஆகவே உங்கள் கேசட் அதற்குப் பிறகு பதிவானதுதான்.

பதிவு செய்தவர் கையில் கிடைத்ததைப் போட்டு நிரப்பவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு இரைச்சலுக்குப் பிறகு அந்தக் கிட்டாரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார் பாருங்கள். பீட்டில்ஸ் பக்தர்கள் அடிக்க வருவார்கள், எனக்கு அந்தச் சேர்க்கை பிடிக்கிறது.

பி பக்கத்தையும் ஒன்று பாருங்கள். ‘தி எண்ட்’ முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. அப்புறம் ‘ஹெர் மெஜஸ்டி’ என்று இருபத்து மூன்று விநாடிக்கு ஒரு குட்டிப் பாட்டு வரும். வந்தால், பதிவு செய்தவர் கடைசிவரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார். வராவிட்டால் டீ குடிக்கப் போயிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. ஏற்காட்டு ஈரத்துக்குக் கேசட்டில் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணாடி வழியாகச் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாகப் படிந்திருந்தால் இனி ஓட்டாதீர்கள், அது பிளேயரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். சுத்தமாக இருந்தால் முழுக்க ஒரு தடவை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். முதல் வேலையாக கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். யேசுதாஸையும் சேர்த்து.

கேள்வி: எனக்கு மிருதங்கம் கொஞ்சம் தெரியும். ராக் என்றாலே நாலு அடியை ஓங்கி அடிப்பதுதானே? அதில் கணக்கு எங்கே இருக்கிறது?
*- வாசகர், அம்மாப்பேட்டை*

பதில்: பெரும்பாலும் நாலுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிங்க் ஃபிளாய்டு குழு 1973-இல் போட்ட ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ ஆல்பத்தில் ‘மணி’ என்று ஒரு பாட்டு இருக்கிறது. தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். தகிட தகதிமி, தகிட தகதிமி. ஏழு. உங்கள் மிஸ்ர சாபுவேதான்.

தொடக்கத்தில் சில்லறை விழுகிற சத்தம், தாள் கிழிகிற சத்தம், கல்லாப்பெட்டி திறக்கிற சத்தம் எல்லாம் வரும். அவையும் ஏழு எண்ணிக்கையில்தான் வந்து விழும். அன்றைக்கு கம்ப்யூட்டர் ஏது? டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி, அளந்து ஒட்டி, வளையமாக்கி ஓடவிட்டார்கள். துண்டு ஒரு நூல் நீளம் கூடினாலும் தாளம் தப்பும். டேப்போடு மல்லுக்கட்டியவன் என்பதால் எனக்கு அந்தக் கை வேலைமேல் பெரிய மரியாதை.

இன்னொன்று கவனியுங்கள். டிக் பாரியின் சாக்ஸபோன் ஏழிலேயே ஓடும். டேவிட் கில்மோரின் கிட்டார் வருகிற இடத்தில் தாளம் சட்டென்று நாலுக்கு மாறி, மேளக்காரர் வேகம் பிடிப்பார். கிட்டார் முடிந்ததும் மறுபடி ஏழு. அந்த இரண்டு திருப்பத்திலும் உங்கள் கை தடுமாறாமல் இருந்தால் உங்கள் குருவுக்கு ஒரு கும்பிடு.

கேள்வி: ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ பாட்டுக்கு உண்மையான அர்த்தம்தான் என்ன?
*- வாசகர், மேட்டூர்*

பதில்: அந்தப் பாட்டைக் கேட்டு என் கடைக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டாவது வரி தெரியாது. கடைசியில் ஈகிள்ஸ் குழுவின் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டாரில் மாறி மாறிப் பேசி, பிறகு சேர்ந்து இறங்குகிறார்களே, அதற்குத்தான் வந்தார்கள். நானும் அவர்கள் கட்சி.

கேள்வி: ஹிட்ச்காக் படம் மாதிரி பதைபதைக்க வைக்கிற காட்சி பழைய தமிழ்ப் படத்தில் ஏதாவது உண்டா?
*- கல்லூரி மாணவி, ஆத்தூர்*

பதில்: வெளியூருக்கே போக வேண்டாம். ஏற்காடு ரோட்டில் ஒரு பழைய வளைவு நிற்கிறதே, பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அது மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல். டி.ஆர். சுந்தரம் நடத்திய ஸ்டுடியோ. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) எல்லாம் அவர்கள் தயாரிப்புதான். நான் சொல்ல வந்தது 1950-இல் வந்த ‘மந்திரிகுமாரி’. எம்.ஜி.ஆர். கதாநாயகன், வசனம் மு. கருணாநிதி, இயக்கியவர்கள் அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும். ஆனால் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர் வில்லன் எஸ்.ஏ. நடராஜன்.

மனைவியைக் கொல்ல முடிவு செய்து மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். எப்படி? ‘வாராய் நீ வாராய்’ என்று பாடிக்கொண்டே. ஜி. ராமநாதன் மெட்டு, திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது. கேட்டால் தேனிலவுப் பாட்டு. தியேட்டரில் இருக்கிற நமக்கு விஷயம் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வில் இசையமைப்பாளர் ஹெர்மனின் வயலின்கள் கிறீச்சிட்டு நம்மைப் பயமுறுத்துகின்றன என்றால், இங்கே மெட்டு இனிக்க இனிக்கத்தான் வயிற்றைப் பிசைகிறது.

உச்சிக்கு வந்ததும் அவன் விஷயத்தை உடைக்கிறான். அவள் அழவில்லை. சாவதற்குமுன் கணவனை மூன்று முறை வலம் வர அனுமதி கேட்கிறாள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று... மீதியைப் படத்தில் பாருங்கள். குண்டலகேசி கதை படித்தவர்களுக்கு முடிவு தெரிந்திருக்கும், தெரிந்தாலும் பதைக்கும். மாதுரி தேவியின் முகத்தை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: ‘மெக்கன்னாஸ் கோல்டு’ பார்த்திருக்கிறீர்களா?
*- வாசகர், குகை*

பதில்: 1969-இல் வந்த அந்தப் படம் அமெரிக்காவில் சோபிக்கவில்லை. நம் பக்கம் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதைப் பார்க்காமல் என் வயதுக்கு வந்தவர் சேலத்தில் இருந்தால் அழைத்து வாருங்கள், தட்டுவடை செட் வாங்கித் தருகிறேன்.

கேள்வி: ஆங்கிலப் படத்தை நடுவில் நிறுத்தி இடைவேளை விடுகிறார்களே, எரிச்சலாக இல்லையா?
*- வாசகி, சூரமங்கலம்*

பதில்: எந்த இடத்தில் விடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ (1968) இடைவேளையோடு எடுத்த படம்தான். விண்கலத்தில் இருக்கும் ‘ஹால்’ என்ற பெயருள்ள கம்ப்யூட்டருக்குக் கேட்கக்கூடாது என்று இரண்டு விண்வெளி வீரர்களும் ஒரு சிறிய கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். சத்தம் வெளியே வராது. ஆனால் கண்ணாடிக்கு வெளியே இருந்து ஹால் அவர்கள் உதடு அசைவதைப் படித்துக்கொண்டிருக்கும். அங்கே விட்டார் குப்ரிக் இடைவேளை. முறுக்கு தொண்டையில் இறங்குமா? நம் ஊர் படங்களில் கதாசிரியரே இடைவேளையை எழுதிவிடுவதால் பிரச்சினையில்லை. வெளிநாட்டுப் படத்தைப் பாதியாகப் பங்கு போட்டு, ஒருவர் வாயைத் திறக்கும்போது விளக்கைப் போடுகிறார்களே, அதற்கு உங்களோடு சேர்ந்து நானும் கொடி பிடிக்கத் தயார்.

கேள்வி: அண்ணா, ‘போஹீமியன் ராப்சடி’ படம் பார்த்துத்தான் எனக்குக் குயீன் குழுவே தெரியும். எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?
*- பிளஸ் டூ மாணவன், ஓமலூர்*

பதில்: தம்பி, அந்தப் படத்தில் வருகிற வரிசையை வரலாறு என்று எடுத்துக்கொள்ளாதே. 1985 லைவ் எய்டு கச்சேரியைப் பெரிதாகக் காட்டுவதற்காகச் சில சம்பவங்களை முன்னே பின்னே தள்ளியிருக்கிறார்கள். சினிமாதானே, போகட்டும். குயீன் பாடகர் பிரெடி மெர்க்குரி நம் மகாராஷ்டிரத்தில் பஞ்சகனி மலையில் போர்டிங் பள்ளியில் படித்தவர், முதல் பேண்டே அங்கே பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்ததுதான். ஏற்காட்டு ஹாஸ்டல் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் இரண்டு நாளைக்குக் காலர் தூக்கிக்கொண்டு திரிவார்கள்.

1975-இல் வந்த ‘எ நைட் அட் தி ஆபரா’வில் ஆரம்பி. நீ தேடுகிற பாட்டு கடைசிக்கு முந்தியதாக வரும். தாவிப் போகாதே, முதலிலிருந்து வா. வழியில் ‘39’ என்று ஒரு பாட்டு வரும். கேட்டால் கிராமத்து மாலுமிப் பாட்டு மாதிரி இருக்கும். எழுதியவர் கிட்டார்காரர் பிரயன் மே, வான இயற்பியல் படித்தவர், ஆராய்ச்சியை நடுவில் விட்டுவிட்டு பேண்டுக்கு வந்து 2007-இல்தான் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தப் பாட்டில் கப்பல் ஏறிப் போனவர்கள் திரும்பி வரும்போது ஏன் அவ்வளவு சோகம் என்று உன் பிசிக்ஸ் வாத்தியாரிடம் கேள். அவர் சொன்னதை எனக்கு எழுது.