கேள்வி – பதில்: பழைய ஷிங்கிளின் மேல் புதியது பதிக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுச் சாய்கூரையில் உள்ள மூன்று மடல் ஆஸ்பால்ட் ஷிங்கிள்கள் (ஓடுபோல் வரிசையாகப் பதிக்கும் தார்த் தகடுகள், கீழ்ப்பகுதி மூன்று மடல்களாக வெட்டப்பட்டவை) ஓரம் சுருண்டு, துகள் உதிர்கின்றன. அவற்றின் மேலேயே ஆர்க்கிடெக்சுரல் ஷிங்கிள்களைப் பதித்துவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். விலை கூடுதலான இந்த வகை அதற்குத் தகுதியானதா?

பதில்: தகுதியானதுதான், ஆனால் பழையதன் மேல் பதிக்க வேண்டாம்.

இரு வகைக்கும் மூலப்பொருள் ஒன்றே: கண்ணாடியிழைப் பாய், அதன்மேல் தார்ப்பூச்சு, அதில் பதிந்த கல் துகள்கள். மூன்று மடல் வகை ஒற்றை அடுக்கு. ஆர்க்கிடெக்சுரல் வகையிலோ இரண்டு அடுக்குகள் ஒட்டப்பட்டிருப்பதால் கனமும் காற்றைத் தாங்கும் வலுவும் பொதுவாக அதிகம். துகள்கள் அழகுக்காக மட்டும் இருப்பவை அல்ல. சூரியனின் புற ஊதாக் கதிர் தாரைத் தாக்காமல் காப்பவை அவையே என்பதால், அவை பெருமளவு உதிர்ந்தபின் தார் விரைவில் உலர்ந்து வெடிக்கும்.

சுருண்ட பரப்பின் மேல் புதியதைப் பதித்தால், வெயிலில் இளகும் ஷிங்கிள் அடியிலுள்ள மேடுபள்ளத்தையே தன் வடிவமாக்கிக்கொள்ளும். அதைவிடக் கவலைக்குரியது, பழையதைப் பெயர்க்காவிட்டால் அடிப்பலகை எங்கே உளுத்திருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடுவது. உளுத்த பலகையில் எந்த ஆணியும் பிடிக்காது.

ஆணி அடிப்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஆர்க்கிடெக்சுரல் ஷிங்கிளின் இரண்டு அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் குறுகிய பட்டையில்தான் ஆணி இறங்க வேண்டும். சற்று மேலே அடித்தால் மேலடுக்கு மட்டுமே சிக்கி, கீழடுக்கு நாளடைவில் நழுவிவிடும். ஷிங்கிள் ஒன்றுக்குப் பொதுவாக 4 ஆணிகள், பலத்த காற்று வீசும் இடங்களில் 6. காற்றழுத்தக் கருவியால் அடிக்கும்போது ஆணித்தலை ஷிங்கிளை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவதுண்டு. அதை உடனிருந்து கவனியுங்கள்.

சாய்வையும் அளக்கச் சொல்லுங்கள். கிடையாக 12 அடிக்கு 2 அடிக்கும் குறைவாக உயரும் கூரைக்கு இந்தப் பொருள் ஏற்றதன்று. 2 முதல் 4 அடி வரையானால் அடியில் நீர்காப்புத் தாளை இரட்டையாக விரிக்க வேண்டும். ஷிங்கிள்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஒட்டுப்பட்டை வெயிலின் சூட்டில்தான் பற்றும் என்பதால், கடுங்குளிரில் வேலை நடந்தால் ஒவ்வொரு ஷிங்கிளையும் கையால் ஒட்டுவது அவசியம்.

இறவாரத்தில் காற்று நுழையவும் முகட்டில் வெளியேறவும் வழி இருக்கிறதா என்பதையும் பழைய ஷிங்கிள்களைப் பெயர்க்கும் அன்றே பார்த்துவிடுங்கள். கூரைக்கடியில் வெப்பமும் ஈரமும் தேங்கியதால்தான் ஓரங்கள் சுருண்டன என்றால், புதியவையும் அதே வழியில் போகக்கூடும்.